அப்பா கால்ல மட்டை முள்ளு... டெட்டனஸ் பத்தி கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்லேருந்து பேசுறேன், வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கேன், கோழி கத்துறது கேட்டா மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு சமையல் வீடியோ இல்ல. போன வெள்ளிக்கிழமை நடந்தத சொல்லாம இருக்க முடியல.

எங்கப்பா சிலிப்பர் மாட்டிக்கிட்டு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போனாரு, மட்டை முள்ளு உள்ளங்கால்ல ஏறிருச்சு. அவரே பல்லக் கடிச்சுக்கிட்டு புடுங்கி எறிஞ்சிட்டு நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்காரு, அம்மா காப்பித்தூள அப்பி துணி சுத்திட்டாங்க. நான் வேலை முடிஞ்சு வந்து அவுத்துப் பாத்தா கடுகு சைஸ்ல ஒரு ஓட்டை, தோலு மூடிக்கிச்சு, அமுக்குனா உள்ள கருப்பா ஒரு முனை தெரியுது. முள்ளு பாதி ஒடிஞ்சு உள்ளயே நிக்குது! "30 வருசமா குத்தாத முள்ளா, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியாடா"ன்னு திட்டுறாரு.

எனக்கு பயமே இந்த மாதிரி ஓட்டைதான். டெட்டனஸ் கிருமி மண்ணுலயும் மாட்டுச் சாணியிலயும் விதை மாதிரி தூங்கிக்கிட்டு கிடக்கும், வருசக்கணக்கா ஆனாலும் சாகாது, அதுக்கு காத்துதான் ஆகாது, ஆழமா குத்தி மேல மூடிக்கிட்ட காயத்துக்குள்ள போயிட்டா முழிச்சுக்கும். துருப்பிடிச்ச ஆணி குத்துனாதான் வரும்னு நெனைக்கிறோம், துருவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, மண்ணும் ஆழமும்தான் விசயம். அதுமேல காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்புன்னு அப்புறது கிருமிய உள்ள விட்டு கதவ சாத்துன மாதிரி.

எங்க பாட்டி லயத்துல இருந்தப்போ அவங்களோட மூத்த பிள்ளை பொறந்து ஒரு வாரத்துல போயிருச்சு. மருத்துவச்சி பழைய பிளேடுல கொடி அறுத்தாங்களாம். "நல்லா பால் குடிச்சிட்டிருந்த பிள்ளை திடீர்னு வாயத் திறக்கல, தொட்டா வில்லு மாதிரி வளைஞ்சுச்சு"ன்னு பாட்டி சொல்லும்போது கைய வளைச்சுக் காட்டுவாங்க. காத்து சேட்டைன்னு சொல்லி மந்திரிச்சாங்களாம். அவங்க சொன்னத வச்சுப் பாத்தா அது டெட்டனஸ்தான்னு எனக்கு தோணுது, பாட்டிக்கு அந்தப் பேரே தெரியாது. இப்ப பிள்ளைத்தாச்சிக்கு டெட்டனஸ் ஊசி போடுறது இதுக்குத்தான், அம்மா உடம்புல உண்டாகுற எதிர்ப்பு சக்தி பிள்ளைக்கும் போகும்.

உடம்புக்குள்ள என்ன ஆகும்னா, கிருமி விடுற விசம் நரம்பு வழியா முதுகுத்தண்டுக்குப் போயி, தசைய "போதும், தளர்ந்துக்கோ"ன்னு சொல்ற சிக்னல அடைச்சிரும். இறுக்குற சிக்னல் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பொதுவா 3 நாள்லேருந்து 21 நாளுக்குள்ள தெரியும், முதல்ல தாடைதான் இறுகும், மலாய்ல இதுக்கு கான்சிங் கிகின்னே பேரு. அப்புறம் கழுத்து, வயிறு, முதுகு. கதவு சத்தம், லைட்டு, யாராவது தொட்டா கூட இழுக்கும், எலும்பே முறியுற அளவுக்கு இழுக்கும். இதுல கொடுமை என்னன்னா புத்தி தெளிவாவே இருக்கும், வலி எல்லாத்தையும் அந்த ஆளு உணர்ந்துக்கிட்டே கிடப்பாரு.

வந்துட்டா ஐசியு தான் மக்களே. காயத்த வெட்டி சுத்தம் பண்ணுவாங்க, கிருமியக் கொல்ல மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து, இழுப்ப அடக்க மருந்து, மூச்சு விட முடியலன்னா மெசின். டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின்னு ஒரு ஊசி இருக்கு, அது சுத்திக்கிட்டிருக்குற விசத்தத்தான் புடிக்கும், நரம்புல ஒட்டுனத எடுக்க முடியாது, அது தானா சரியாக வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும். பொழைச்சு வந்தவங்களுக்கும் மறுபடி வரலாம், அதனால அவங்களுக்கும் தடுப்பூசி போடணும்.

அப்பாவ ஒருவழியா கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த எம்.ஏ. தம்பி, அதாவது மருத்துவ உதவியாளர், முள்ள எடுத்து கழுவிட்டு, "ஐயா, கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?"ன்னு கேட்டாரு. அப்பா என்னப் பாக்குறாரு, நான் அம்மாவப் பாக்குறேன். யாருக்கும் தெரியல. சின்னதுல போட்டாரான்னு கூட தெரியல, கார்டும் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு கைக்குழந்தையில போடுறாங்க, 15 வயசுல ஸ்கூல்ல போடுறாங்க, அதோட நாம மறந்துடுறோம் லா. 10 வருசத்துக்கு ஒரு தடவ போட்டுக்கணும், அழுக்கு காயமா இருந்து கடைசி ஊசி போட்டு 5 வருசம் தாண்டியிருந்தா அப்பவே ஒன்னு. அப்பா மாதிரி கணக்கே தெரியாதவங்களுக்கு மொத்தம் மூனு தடுப்பூசி, அன்னைக்கு ஒரு கையில முதல் தடுப்பூசி, இன்னொரு கையில இம்யூனோகுளோபுலின்.

குத்துனவுடனே என்ன செய்யணும்னு அந்த தம்பிகிட்ட கேட்டேன், சோப்பு போட்டு ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க, எதையும் அப்பாதீங்க, அப்படியே கிளினிக்குக்கு வாங்கன்னாரு.

அப்பாவுக்கு ரெண்டாவது ஊசி நாலு வாரம் கழிச்சு, காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன். அம்மாவும் அன்னிக்கு வராங்க, அவங்களும் கடைசியா எப்ப போட்டாங்கன்னு ஞாபகம் இல்லையாம். அப்பாவுக்கு பூட்ஸ் வாங்கியாச்சு, இதோ கதவு பக்கத்துல இருக்கு பாருங்க, இன்னிக்கு காலையில போட்டுக்கிட்டுதான் போனாரு.