சி.ஆர்.பி. தாளும் ஒரு கரண்டித் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் காய்ச்சல் அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. நிமோனியாவாக, அதாவது நுரையீரலில் கிருமித் தொற்றாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் தாள் வருகிறது: சி.ஆர்.பி. 96. அந்தத் தாளோடு வராந்தாவில் நிற்கிற குடும்பத்துக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சி.ஆர்.பி. என்பது ரத்தத்தில் உள்ள சி-ரியாக்டிவ் புரதம். இதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். 1930இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டார்கள். ஆனால் இதைச் செய்வது நுரையீரல் அல்ல, கல்லீரல். உடம்பில் எந்தத் திசு கெட்டாலும் இது ஏறும். மூளையில் ஒரு பகுதி செத்துப்போவதும் திசு கெடுவதுதானே? கிருமியே இல்லாமல், பக்கவாதம் மட்டுமே இதை ஏற்றிவிடும். டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலும், யூரின் டியூபில் கிருமி ஏறினாலும், படுக்கைப் புண் வந்தாலும் ஏறும்.

அதனால் சேர்த்த அன்றைய அளவு கையில் இருக்கவேண்டும். அன்று 12, மூன்றாம் நாள் 96 என்றால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. அன்றே 80 என்றால் 96க்கு அவ்வளவு கனம் கிடையாது. நேரமும் முக்கியம். தொற்று போன்ற தூண்டல் வந்து ஆறு மணி நேரம் போல ஆன பிறகுதான் இது ஏறத் தொடங்கும். உச்சத்துக்குப் போக ஏறக்குறைய இரண்டு நாள். காலையில் காய்ச்சல் வந்து பத்து மணிக்கு எடுத்த ரத்தத்தில் குறைவாக இருந்தால் நிம்மதி அடையக்கூடாது, மறுநாளும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, அலகு. ஒரு லேப் லிட்டர் கணக்கில் 96 மில்லிகிராம் என்று எழுதும், இன்னொன்று டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் 9.6 என்று எழுதும். இரண்டும் ஒன்றே. லேப் மாறியதைக் கவனிக்காமல் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு.

சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையிலேயே இன்னொரு தடயம் கிடைக்கும். நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் வெள்ளை அணுக்களின் வகைகள். நியூட்ரோபில் 84 சதவீதம், லிம்போசைட் 7 சதவீதம் என்றால் முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 12. நலமாக இருப்பவரிடம் இது பெரும்பாலும் 1 முதல் 3 வரை. மூளை அடிபட்டதும் கார்டிசோல் என்ற ஹார்மோன் சுரப்பு கூடி லிம்போசைட்டுகள் குறைகின்றன. உடம்பின் காவலே தளர்கிறது. இந்த விகிதம் கூடக் கூட நிமோனியாவும் மரணமும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கிருமி இல்லாமலே இது உயரும், கணக்கில் கொள்ளவேண்டும்.

ரத்தத்தில் பார்க்கும் இன்னொரு பொருளான புரோகால்சிடோனின், சி.ஆர்.பி.யைவிட வேகமாக ஏறும், பாக்டீரியாவையும் ஓரளவு பிரித்துக் காட்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே என்றால் பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு குறைவு. வயிற்று அமிலம் புரையேறி நுரையீரல் வெந்துபோனவரிடம் மட்டும் இதை முழுதாக நம்ப முடியாது.

பிழைப்பார்களா என்பதுதான் எல்லோருக்கும் உள்ள கேள்வி. அமெரிக்காவின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் 29 மருத்துவமனைகளின் 1991-97 பதிவுகளைப் பார்த்தார்கள். பக்கவாதத்தோடு நிமோனியாவும் வந்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 26.9 சதவீதம்; நிமோனியா வராதவர்களில் 4.4. வயது, பக்கவாதத்தின் கடுமை எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகும் அபாயம் மூன்று மடங்கு. அப்படியென்றால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே? 2015இல் நெதர்லாந்தில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று என இரண்டு பெரிய ஆய்வுகள் அதைத்தான் செய்து பார்த்தன. நோயாளிகள் மீண்டெழுவதில் முன்னேற்றம் இல்லை.

வைத்தியம் தொடங்கிய பிறகுதான் சி.ஆர்.பி.யின் உண்மையான உபயோகம். வீட்டிலிருந்தபடியே நிமோனியா வந்தவர்களில், நான்காம் நாளுக்குள் அளவு பாதியாக இறங்காவிட்டால் மரண அபாயம் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். பக்கவாத நோயாளியிடமும் அது இறங்காவிட்டால் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். மருந்து சரியா? நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறதா? இன்னும் புரையேறிக்கொண்டிருக்கிறதா?

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. "ராத்திரியெல்லாம் வயிறு காயுதே" என்று பாசத்தோடு ஊட்டுகிற ஒரு வாய்க் காபி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். விழுங்கும் சோதனை முடியும் வரை மாத்திரைக்குக்கூடத் தண்ணீர் வேண்டாம். பயிற்சி பெற்ற நர்ஸ் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து, இருமலா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பார். சிலருக்கு இருமல் இல்லாமலே உள்ளே இறங்கும். அதனால் வீட்டார் தாங்களே சோதித்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் முதல் 72 மணி நேரம் நர்ஸுகள் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், 90 நாளில் இறந்தவர்களும் பிறர் துணையில் வாழ்பவர்களுமாகச் சேர்த்து 42 சதவீதம். மற்றப் பிரிவுகளில் 58. 2011இல் வெளியான முடிவு இது.

மூக்கு வழியாக டியூப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. எச்சில் தொண்டையில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதில் வாயின் கிருமிகளும் சேர்ந்து போகும். டியூபில் உணவு போகும்போது தலைமாடு 30 பாகைக்குக் குறையாமல் உயர்ந்திருக்கவேண்டும். வாயில் ஒன்றும் சாப்பிடாத நோயாளிக்கும் பல், நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாவற்றையும் தினமும் சுத்தம் செய்யவேண்டும், செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் ஒதுங்கிக் கிடப்பதையும் மறக்காமல் வழித்தெடுத்து.