சித்தப்பா சொன்ன முடிவு

வணக்கம் உறவுகளே, எல்லாரும் எப்பிடி இருக்கிறீங்கள்? நான் இப்ப வட்டக்கச்சியில, எங்கட வளவுக்குள்ள மாமரத்துக்குக் கீழ இருந்து கதைக்கிறன். பின்னால ஒரு இரைச்சல் கேக்கும். பக்கத்து வயலில லாண்ட்மாஸ்டர் ஓடுது. அவர் நிப்பாட்டுவார், நிப்பாட்டுவார் எண்டு அரை மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருந்தனான். நிப்பாட்டுற மாதிரித் தெரியேல்லை. சரி, தொடங்குவம்.

இண்டைக்குக் குளமும் இல்லை, சமையலும் இல்லை. படக்கதை. ரோபோகொப். 1987இல வந்த பழசு, 2014இல திருப்பி எடுத்த புதுசு. புதுசு வந்தே பத்து வருசத்துக்கு மேலயாச்சு, இப்ப என்னத்துக்கு எண்டு கேப்பீங்கள். போன மாசம், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டையும் அடுத்தடுத்துச் சித்தப்பாவோட இருந்து பாத்தனான். அதுதான் காரணம்.

பாக்காத ஆக்களுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லுறன். டெட்ரோயிற் நகரத்தில மேர்பி எண்டு ஒரு பொலிஸ்காரன். அவன் சாகிற கட்டத்துக்குப் போக, ஒரு பெரிய கொம்பனி அவன்ர உடம்பில மிஞ்சினதை எடுத்து இரும்புக்குள்ள பூட்டி, மெசின் பொலிசாத் தெருவில விடுது. அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தான் ஆர் எண்டு ஞாபகம் வருது. அவ்வளவுதான்.

பழசை எடுத்தவர் போல் வெர்ஹோவன், நெதர்லாந்துக்காரர். அமெரிக்காவில படங்களுக்குத் தரம் பிரிக்கிற குழு அதுக்குத் திருப்பித் திருப்பி எக்ஸ் குடுத்தது. அந்தக் காலத்தில எக்ஸ் எண்டா தியேட்டர்காரர் கிட்ட எடுக்க மாட்டினம். அவர் வெட்டி வெட்டி அனுப்பிக் கடைசியில 'ஆர்' எண்ட தரம் கிடைச்சது. அதாவது 17 வயசுக்குக் கீழ எண்டா பெரியாக்கள் கூட வரவேணும். 2014இல எடுத்தவர் ஜோசே பதில்யா, பிரேசில்காரர். அந்தப் படம் பிஜி 13. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இரசிகர்மாருக்குக் கொதி ஏறினது அந்த 13ஆம் நம்பரிலதான். அதுக்கு முதலே, கறுப்பு உடுப்போட போட்டோ வெளிய வந்த நாளிலயே, பற்மான்ர உடுப்பைக் கடன் வாங்கிப் போட்டிருக்கிறான் எண்டு நக்கல் தொடங்கீட்டுது. வலக்கை மட்டும் மனிசக் கையா விட்டிருக்கிறாங்கள், அது ஏன் எண்டு ஒரு சண்டை. பிறகு பிஜி 13 எண்டதும் முடிஞ்சுது கதை. ரோபோகொப்பில இரத்தம் இல்லையெண்டா கூழில மீன் இல்லாத மாதிரி எண்டு என்ர கூட்டாளி ஒருத்தன் அப்ப சொன்னவன். அமெரிக்காவில கொஞ்சப் பேர் இன்னும் ஒரு படி மேல போச்சினம். ஐம்பது படக்காரர் மட்டில சேர்ந்து, பழைய படத்தை ஆளுக்கொரு சீனாப் பிரிச்சு, பொம்மை, கார்ட்டூன், பாட்டு எண்டு தங்கட பாட்டில திருப்பி எடுத்து, அதே 2014இல சும்மா பாக்க விட்டவை. கோவத்தை இப்பிடிக் காட்டினா எனக்குப் பிடிக்கும்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுறன். பழசுக்கு 13 மில்லியன் டொலர் மட்டில செலவு, அமெரிக்காவில 53 மில்லியன் மட்டில வசூல். புதுசுக்கு 100 மில்லியனுக்குக் குறையாத செலவு, அமெரிக்காவில 58 மில்லியன் மட்டில. 27 வருச விலைவாசி ஏறினாப் பிறகும் அஞ்சு மில்லியன்தான் கூட. வெளிநாடுகளையும் சேர்த்துத்தான் 242 மில்லியன் வரைக்கும் போனது.

நான் பழசை முதல் பாத்த கதையைச் சொல்லாட்டி இந்த வீடியோவில அர்த்தமில்லை. 1987 யூலை 17 அமெரிக்காவில வந்த படம். பன்ரெண்டு நாளால, யூலை 29, கொழும்பில இலங்கை இந்திய ஒப்பந்தம். அந்த நேரம் எங்கட ஆக்களில ஆர் ரோபோ படம் பாத்திருப்பினம்? எங்களுக்கு அது 2003இலதான் வந்து சேர்ந்தது. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்த நேரம். விசுவமடுவில சொந்தத்தில ஒரு கலியாணம். வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரை விடியத் திருப்பிக் குடுக்க முதல் ஒரு படம் ஓடுவம் எண்டு பெடியள் வெளிக்கிட்டாங்கள். முத்தத்தில படங்கு விரிச்சு, ரிவியைக் கதிரையில ஏத்தி வச்சு, சனமெல்லாம் குந்தியாச்சு. எனக்குப் பதின்மூண்டு வயசு. பிஜி 13க்குச் சரியான வயசு எண்டு இப்ப விளங்குது.

படம் ஓட்டினது சித்தப்பா. தோளில துவாய். படத்தில தொடக்கத்திலயே பொலிஸ் ஸ்ரேசனுக்குள்ள ஆணும் பெண்ணும் ஒரே அறையில உடுப்பு மாத்திற இடம் ஒண்டு வரும். சித்தப்பா டக்கெண்டு எழும்பித் துவாயை விரிச்சு ரிவியை மூடினார். பின்னால அம்மம்மா ஒரு இருமல். துவாய்க்குப் பின்னால சத்தம் மட்டும் போகுது. ரெண்டு பெடியள் சைட்டால எட்டிப் பாக்கிறாங்கள், தலையில குட்டு விழுது. சரி, துவாய் எடுத்தாச்சு. கொஞ்சத்தால கொம்பனிக் கூட்டம். ஈடி 209 எண்ட பெரிய இரும்பு மிருகத்தைக் காட்டினம். ஒரு ஆளின்ர கையில துவக்கைக் குடுத்து, அதுக்கு நேர நீட்டச் சொல்லுகினம். மெசின், துவக்கைக் கீழ போடு எண்டுது. அவன் போட்டிட்டான். மெசினுக்கு அது விளங்கேல்லை. இருபது செக்கன் எண்ணிப்போட்டுச் சுடுது பாருங்கோ, ஆளைச் சல்லடையாக்கி மேசையில போடுது.

அதுக்கு ஒருத்தரும் துவாய் விரிக்கேல்லை.

எங்கட தணிக்கை அப்பிடித்தான் இருந்தது. அமெரிக்கக் குழு எங்களுக்கு எதிர்மாறா அந்தச் சீனிலதான் வெட்டச் சொன்னது. வெர்ஹோவன் பிறகு அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: அளவுக்கு மிஞ்சிச் சுட்டாத்தான் அது பகிடி, வெட்டின உடன பகிடி போய்க் கொடூரம்தான் மிஞ்சினது எண்டு. எனக்கு அதைவிடப் பெரிய விசயம், சுட்டு முடிஞ்ச உடன அந்தக் கொம்பனி ஆள் சொல்லுறதுதான். சின்னக் கோளாறு எண்டுறார். செத்தவன் மேசையில கிடக்க, காசு பிந்துது எண்டுதான் கவலை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ்வளவு இரத்தமும். வெர்ஹோவன் சின்ன வயசில ஹேக் நகரத்தில, ஜேர்மன்காரர் ரொக்கெட் விட்ட இடங்களுக்குக் கிட்ட, குண்டு விழ விழ வளந்த ஆள். செத்த உடம்பு எப்பிடிக் கிடக்கும் எண்டும், பிறகு பெரியாக்கள் அதுக்கு என்ன பேர் வைப்பினம் எண்டும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப புதுசுக்கு வாறன். அது தெஹ்ரானில தொடங்குது. அமெரிக்க மெசினுகள் தெருவில ரோந்து போகுது. வீட்டுச் சனம் வெளிய வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிக்குது, மெசின் ஒவ்வொருத்தராப் பாத்துச் சோதிக்குது. ரிவிக்காரர் இதை நேரடியாக் காட்டி, பாருங்கோ எவ்வளவு அமைதி எண்டுகினம். சித்தப்பா ஒண்டும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. பிறகு ஒரு சின்னப் பெடியன் குசினிக் கத்தியோட ஓடி வாறான். ஈடி 209 கத்தியைப் போடச் சொல்லுது. பெடியன் போடேல்லை. சுடுது. புழுதி தெரியும், பெடியன் தெரியான். நேரடி ஒளிபரப்பு நிக்குது, ரிவியில இருக்கிறவர் வேற கதைக்குப் போறார்.

நான் இதில இரசிகர்மாரோட கொஞ்சம் சண்டை பிடிப்பன். எல்லாரும் பல்லைப் பிடுங்கின படம் எண்டு ஏசிச்சினம். இந்த இடத்தில காட்டாமல் விட்டதே கதைதான். பெடியன் செத்ததை எங்களுக்குக் காட்டாமல் விடுறது படம் மட்டும் இல்லை, படத்துக்குள்ள இருக்கிற ரிவியும்தான். இதைத் தெரிஞ்சுதான் பதில்யா செய்திருக்கிறார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை, ரியோ நகரப் பொலிசைப் பற்றி எடுத்த படத்துக்கு 2008இல பேர்லின் படவிழாவில தங்கக் கரடி எண்ட முதல் பரிசு வாங்கினவர்.

ஆனா மிச்சப் படத்தில அந்தப் புத்தி நிக்கேல்லை. கள்ளரின்ர ஒளிப்பிடத்துக்குள்ள ரோபோகொப் தனிய இறங்குது. இருட்டு. துவக்கு வெளிச்சம் மின்னி மின்னித் தெரியுது. ஆக்கள் விழுகினம், எத்தினை பேர் எண்டு எண்ண ஏலாது. இரத்தம் இல்லை, கத்தல் இல்லை, ஒரு முகம் ஞாபகத்தில நிக்காது. பழசில ஒருத்தன் செத்தா அண்டிரவு நித்திரை வராது. புதுசில முப்பது பேர் செத்தாலும் கச்சான் கொறிச்சுக்கொண்டிருக்கலாம். இதைப் பிள்ளையள் பாக்கலாம், அதைப் பாக்கக் கூடாது எண்டு தரம் பிரிச்சு வச்சிருக்கிறாங்கள். என்ர மகளுக்கு இப்ப எட்டு வயசு. எதைக் காட்டாமல் விடுவன் எண்டு என்னைக் கேட்டா, உண்மையில நான் யோசிப்பன்.

இனித்தான் சித்தப்பா. 2003இல ரிவியை மூட எழும்பேக்க அவருக்கு ரெண்டு காலும் இருந்தது. 2009க்குப் பிறகு இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. ஜெய்ப்பூர் கால் போடுறவர். அண்டைக்கு மழைக் குளிருக்கு வெட்டின இடம் குத்துது எண்டு காலைக் கழட்டிச் சுவரில சாத்திப்போட்டு, சாரத்தை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில இருந்து பாத்தார். பழசில, டொக்டர்மார் மேர்பியின்ர இடக்கையைக் காப்பாத்திப்போட்டம் எண்டு சந்தோசமாச் சொல்லுவினம். கொம்பனியில மேல இருக்கிறவன், முழு உடம்பும் இரும்பு எண்டுதானே கதைச்சனாங்கள், அந்தக் கையையும் எடு எண்டுவான். அதுக்குச் சித்தப்பா சிரிச்சார். "கணக்குத் தீர்க்கிறான்" எண்டார்.

புதுசில ஒரு இடத்தில அவர் சிரிக்கேல்லை. டொக்டரா நடிக்கிறவர் கரி ஓல்ட்மன். அவரிட்ட ஒரு ஆள், ரெண்டு செயற்கைக் கையோட முதல்முதல் கித்தார் வாசிக்கிறார். வடிவா வாசிக்கிறார். பக்கத்தில மனிசி கண் கலங்குது. வாசிக்கிறவருக்கும் மனம் இளகுது. உடன விரல் பிசகி, நரம்பில தட்டுப்பட்டு நிக்குது. உணர்ச்சியைக் குறைக்கச் சொல்லுறார் டொக்டர். உணர்ச்சி இல்லாமல் எப்பிடி வாசிக்கிறது எண்டு கேக்கிறார் அந்த ஆள்.

"நிப்பாட்டு. ஒருக்காத் திருப்பிப் போடு."

போட்டன். பாத்துப்போட்டுச் சொன்னார்: "தனிய வரம்பில போகேக்க எனக்குக் கால் இல்லையெண்டதே தெரியாது. கோயில் வீதியில நாலு சனம் பாத்துதெண்டாக் காணும், கால் தட்டுப்படும். இவங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?"

அதுக்குப் பிறகு, மேர்பி தன்னில மிச்சம் என்ன இருக்கு எண்டு காட்டச் சொல்லிக் கேக்கிற இடம். தகட்டை ஒவ்வொண்டாக் கழட்டினம். தலை. மூச்சு விடுற நுரையீரல். இருதயம். வலக்கை. வேற ஒண்டும் இல்லை. என்னைச் சாகவிடு எண்டுறான். ஒரு சொட்டு இரத்தம் இல்லாத சீன், 13 வயசுக்குச் சரி எண்டு முத்திரை குத்தின படம். ரெண்டு படத்திலயும் எனக்குப் பாக்க ஏலாமல் போனது இதுதான். சித்தப்பா சுவரில சாத்தின காலைப் பாத்துக்கொண்டிருந்தார். இரத்தத்தை லீற்றர் கணக்கில அளந்த இரசிகர்மார் இந்த இடத்தை ஏன் கணக்கில எடுக்கேல்லை எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

ஒண்டு விட்டுப்போட்டன். 2003இல நாங்கள் படத்தை முழுசாப் பாக்கேல்லை. சீடி ரெண்டு. முதலாவதில, மேர்பி தன்ர பழைய வீட்டைத் தேடிப் போறான். வீடு வெறுமை, விக்கப் போட்டிருக்கு, மனிசியும் மகனும் எங்கயோ போட்டினம். அதைப் பாத்துக் கொஞ்ச நேரத்தில சீடி முடிஞ்சுது. ரெண்டாவதைப் போட்டா, கீறல் விழுந்த சீடி, சதுரம் சதுரமா உடைஞ்சு நிண்டிட்டுது. துடைச்சுப் பாத்தம், ஊதிப் பாத்தம். ஜெனரேட்டருக்கும் எண்ணெய் முடிஞ்சுது. இருட்டுக்குள்ள பெடியள் எல்லாம், பிறகு என்ன நடந்தது எண்டு கத்துறம். சித்தப்பா சொன்னார், மேர்பி மனிசியையும் மகனையும் தேடிக் கண்டுபிடிச்சிட்டான், மகன் ஓடி வந்து இரும்புக் காலைக் கட்டிப் பிடிச்சவன், அதோட படம் முடியுது எண்டு. நாங்கள் நம்பிக்கொண்டு படுத்தம்.

அப்பிடி ஒண்டும் பழசில இல்லை. கடைசி வரை அவன் அவையைக் காண மாட்டான். கொம்பனிப் பெரியவர் பேர் கேக்க, மேர்பி எண்டு சொல்லுறதோட படம் சரி. புதுசிலதான் மனிசியும் மகனும் கடைசியில அவனைப் பாக்க வருவினம்.

அந்தக் கடைசிச் சீன் ஓடேக்க நான் சித்தப்பாவைத் திரும்பிப் பாத்தன். அவருக்கும் ஞாபகம் வந்திட்டுது. காலை எடுத்துப் பூட்டிக்கொண்டே சொல்லுறார்:

"உது நான் விசுவமடுவில எடுத்த படம். காசு தரச் சொல்லிக் கேள்."