டே குடித்த அரசி

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு ஆங்கிலம் கற்பித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக்செட் தம்பி உள்பட அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த அரிசி ஆலை அண்ணாச்சிக்குத் தனி வணக்கம். போன வருஷமும் அவர்தான் தந்தார்.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்றார் ஔவை. ஆங்கிலமும் நாப்பழக்கம்தான். அதில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்று ஆனதற்கு முக்கியமான ஒரு காரணம் சொல்லப் போகிறேன்: அச்சு.

1400இல் மறைந்த கவிஞர் சாசர், 'நேம்' என்பதை 'நாமெ' என்பார். 'டைம்' அவருக்கு 'டீமெ'; 'ஹவுஸ்' வெறும் 'ஹூஸ்'. அடுத்த 300 ஆண்டுகளில் நெடில்களைச் சொல்லும்போது நாக்கு வாய்க்குள் ஒரு படி மேலே ஏறியது. மேலே இடமில்லாத ஈயும் ஊவும் ஐ, ஔ என்று உடைந்தன. டென்மார்க் அறிஞர் யெஸ்பெர்சன் இதற்குப் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி என்று பேர் வைத்தார். இது நடந்துகொண்டிருக்கும்போதே, 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். எழுத்து ஈயத்தில் உறைந்தது, நாக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. 1714இல் அலெக்சாண்டர் போப் ஒரு கவிதையில் ஆன் அரசியைப் பாடுகிறார். மூன்று நாடுகள் 'ஒபே' செய்யும், அதாவது அடிபணியும் அரசி, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் சில நேரம் ஆலோசனை கேட்கிறாராம், சில நேரம் டீ குடிக்கிறாராம். 'ஒபே'க்கு இயைபு 'டீ'. எப்படிப் பொருந்தும்? கல்லூரியில் கேட்டேன். கவிஞர்களுக்கு அதெல்லாம் உண்டு, உட்கார் என்றார் விரிவுரையாளர். போப் சரியாகத்தான் எழுதினார்; அன்று அது 'டே'! அரண்மனையில் 'டே' என்றால் கோப்பை வரும். நம் தெருவில் 'டே' என்று கூப்பிட்டுப் பாருங்கள், என்ன வரும்? (சிரிப்பு) அம்மையாரே சிரிக்கிறார்கள். அதே எழுத்துக்கூட்டு உள்ள 'கிரேட்', 'பிரேக்' போன்ற சில சொற்கள் மட்டும் இன்னும் ஏகாரத்தை விடவில்லை.

நேரச் சீட்டு வந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'நைட்' என்னும் வீரனை ஒரு காலத்தில் 'க்னிஹ்ட்' என்றார்கள். அந்த ஹகரம் உரசி வரும். ககரமும் போயிற்று, உரசலும் போயிற்று. எழுத்து மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் உட்கார்ந்து ஸ்பெல்லிங் உருப்போடுகிறார்கள்.

நம் ழகரம் போகிற வழியும் இதுதான். பாதி ஊரில் 'வாளப்பளம்', சில ஊரில் 'வாயப்பயம்'. ஒலியை விட்டுவிட்டு, தேர்வில் ல, ள, ழ பிழைக்கு மார்க் குறைத்தால் எப்படி? செந்தமிழும் நாப்பழக்கம் என்றால் நாவுக்குப் பழக்கம் தர வேண்டாமா? ஒன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி வேண்டும். மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். பேனா கட்டித் தொங்குகிறது. அம்மையார் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் டீ.