ருசி பார்க்க இரண்டு பேர்

நண்பர்களே, வணக்கம். பாலிப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கோயில்களையும் எரிமலையையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒரே ஒரு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ஊர் திரும்பி இத்தனை நாள் ஆகியும் மனதில் நிற்பது அதுதான்.

கிளம்பும்போதே ஒரு நண்பர் கறாராகச் சொல்லி அனுப்பினார்: "பாலிக்குப் போய் பீட்சாவும் பாஸ்தாவும் தின்னுட்டு வராதே, அதெல்லாம் வெள்ளைக்காரனுக்காகப் போட்ட கடை." சரி என்று முதல் மூன்று நாளும் வாருங்கில்தான் சாப்பிட்டோம். வாருங் என்றால் நம்ம ஊர் மெஸ் மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் காய், கோழி, டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டி எல்லாம் அடுக்கியிருக்கும், கைகாட்டியதையெல்லாம் சோற்றைச் சுற்றி வைத்துத் தருவார்கள். அருமையான சாப்பாடு. நான்காம் நாள் சானூர் என்கிற கடற்கரை ஊரில், ரொட்டியும் வெண்ணெயும் வேண்டும் என்று மகள் ஒரே பிடிவாதம். கடற்கரையை ஒட்டி இருந்த ஒரு மேற்கத்திய உணவகத்துக்குள் நுழைந்தோம்.

அந்தி சாய்கிற நேரம். வாசற்படியில் ஒரு பெண் குனிந்திருந்தார். யூனிஃபார்முக்கு மேலே இடுப்பில் மஞ்சள் துணி. கையில் தென்னங்குருத்தில் மடித்துச் செய்த உள்ளங்கை அகலத் தட்டு, அதற்குள் நிறம் நிறமாகப் பூக்கள், மேலே புகைகிற ஊதுபத்தி. அதைப் படியோரம் வைத்துவிட்டு, ஒரு பூவைத் தண்ணீரில் தோய்த்து மூன்று முறை தெளித்தார். சானாங் சாரி என்று அதற்குப் பெயர், தினமும் வைக்கிற படையல். அப்புறம் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு எங்களுக்கு மெனு கார்டு கொண்டுவந்தவரும் அவரேதான்.

என் மகள் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி அவர்கள் பாஷையில் என்ன என்று கேட்டாள். மேசைக்கு மெஜா. சன்னலுக்கு ஜெண்டெலா. ஓரத்தில் நின்ற அலமாரிக்கு லெமாரி. எனக்குச் சிலிர்த்துவிட்டது. நமக்கும் அவர்களுக்கும் இந்தச் சொற்களைக் கொடுத்தது போர்த்துக்கீசியர்கள். 1511-இல் மலாக்காவைப் பிடித்து, கிராம்பைத் தேடி மலுக்குத் தீவுகள் வரை போனவர்கள் வழியெல்லாம் சொற்களை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். முள்கரண்டிக்கு கார்பு, வெண்ணெய்க்கு மெந்தெகா, சீஸுக்கு கெஜு, எல்லாம் அந்தச் சரக்குதான். மறுபக்கம், நம்ம கடைதான் அங்கே கெடாய், நம்ம கப்பல்தான் கப்பால். ஐந்நூறு வருஷமாகப் புழங்குகிற சொற்களோடு வருகிற சாப்பாட்டை நேற்று வந்த வெளியூர்ச் சாப்பாடு என்று எப்படித் தள்ளுவது?

அந்த மேசை அங்கே வந்த கதையில் ரத்தமும் இருக்கிறது. 1906-இல் டச்சுப் படை பாலியின் இன்றைய தலைநகரான தென்பாசாருக்குள் வந்தபோது அந்த ஊரை ஆண்ட பாதுங் அரச குடும்பம் வெள்ளை உடுத்தி, கிரீஸ் என்கிற குறுவாள்களோடு துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து போய் உயிர்விட்டது. புபுதான் என்று பாலிக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். அதே நகரத்தில் 1920-களின் கடைசியில் டச்சுக் கப்பல் கம்பெனி ஒன்று ஓட்டல் கட்டி, கப்பலில் வந்து இறங்கிய பயணிகளுக்கு ஐரோப்பியச் சாப்பாடு போட்டது.

சரி, தட்டுக்கு வருவோம். மாட்டிறைச்சியும் வெண்ணெயும் ஆஸ்திரேலியாவிலிருந்து. சாலட் இலையும் தக்காளியும் பெடுகுல் மலையில் விளைந்தவை. வட பாலியில் திராட்சைகூட விளைகிறது. குளிர்காலமே இல்லாத ஊர் என்பதால் கவாத்து பண்ணிப் பண்ணி வருஷத்தில் பல தடவை அறுக்கிறார்கள், நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை மாதிரியே.

அங்கே அடுப்பு கண்ணெதிரே இருந்தது. நான் ஸ்டேக் கேட்டிருந்தேன். சமையல்காரர் ஒல்லியான மனிதர், நாற்பது வயசு இருக்கும். இறைச்சியைக் கத்தியால் கீறிப் பார்க்கவே இல்லை, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பினார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். இடது கையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையை அழுத்திப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருந்தது, அது பச்சை வாசம் போகாத பதம். நடுவிரலைச் சேர்த்தால் கொஞ்சம் இறுக்கம், மோதிர விரலுக்கு இன்னும் இறுக்கம், சுண்டுவிரலைத் தொட்டால் கல். "உங்களுக்கு நடுவிரல் பதம்" என்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், தான் மாட்டிறைச்சியை வாயில் வைத்ததே இல்லை என்று. பாலி இந்துக்களில் பலர் அதை உண்பதில்லை.

அப்படியானால் சாஸில் உப்பு சரியா என்று யார் பார்ப்பது? பக்கத்து அடுப்பில் நின்றவரைக் காட்டினார். அவர் ஜாவாக்காரர், முஸ்லிம். மாட்டிறைச்சிச் சாஸை அவர் ருசி பார்ப்பார். பன்றி விலா அடுப்பில் இருந்தால் கரண்டி இவர் கைக்கு வந்துவிடும். பல வருஷமாக இப்படித்தானாம். கொரோனாவில் விமானமே இல்லாமல் போனபோது ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டு, கடை திறந்ததும் இரண்டு பேரும் அதே அடுப்புக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்கான கடை என்று சொன்ன நண்பரும் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் சொல்வது இதுதான்: அது அந்த இரண்டு பேரின் கடை. அந்தச் சாப்பாட்டில் இருந்த கைப்பக்குவம் முழுக்க அவர்களுடையது. அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். பத்து சதவீதம் சேவை, அந்தத் தொகைக்கு மேலே பத்து சதவீதம் வரி, ஆக 21 சதவீதம் கூடும். பில்லைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். வரி மாவட்ட நிர்வாகத்துக்கு. சேவைக் கட்டணத்தில் உடைசலுக்கு 3, பயிற்சிக்கு 2 சதவீதம் போக மீதியை ஊழியர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016-இல் அரசு விதியே போட்டிருக்கிறது.

பில் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது மணி பத்தரை. பின்பக்கம் ஊழியர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சோறு, சுட்ட மீன், சம்பால் மாத்தா. சின்ன வெங்காயம், மிளகாய், எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, தேங்காயெண்ணெய் ஊற்றிக் கையாலேயே பிசைந்தது. வாசலில் படையல் வைத்த பெண் என் மகளுக்கு ஒரு வாய் நீட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தும் இன்னொரு வாய் கேட்டாள். சமையல்காரர்கள் இரண்டு பேரும் ஒரே மீனை ஆளுக்கொரு பக்கமாகப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.