ஈ.சி.ஆர்.ல ஒரு நாள் சைக்கிள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துலருந்து போறவங்களுக்கு

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரியிலருந்து பேசுறேன். ஈ.சி.ஆர்.ல, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில புதுச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல, ஒரு நாள் ஓட்டணும், என்னென்ன பாக்கணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒகேனக்கல் இறங்கிட்டு மறுபடி பென்னாகரம் ஏறி வர்ற காலுக்கு கடலோர ரோடு சும்மா அல்வா மாதிரின்னு ஒரு நெனப்பு நம்ம பக்கம் இருக்கு. ரோடு சமம்தாங்க. ஆனா அங்க மேட்டோட வேலையை காத்து செய்யும்.

சின்னக் கணக்கு. நீங்க 20 கி.மீ. வேகத்துல போறீங்க, எதிர்ல 15 கி.மீ. வேகத்துல காத்து அடிக்குது. உங்க நெஞ்சுல மோதுறது 35 கி.மீ. காத்து. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால கிட்டத்தட்ட மூணு மடங்கு. தொப்பூர் மேடுன்னா ஏறி முடிச்சா முடிஞ்சது. எதிர்காத்துக்கு அந்த மாதிரி உச்சியே கிடையாது. அதனால எந்தப் பக்கத்துலருந்து கிளம்புறதுன்னு மாசத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க.

மார்ச்லருந்து மே வரைக்கும் காலையில காத்து லேசா இருக்கும். மத்தியானம் நெருங்க நெருங்க தென்கிழக்குலருந்து கடல்காத்து ஏறும். அப்போ புதுச்சேரியில ஆரம்பிச்சு வடக்கே மாமல்லபுரம் போங்க, காத்து முதுகுல தள்ளும். நமக்கும் அதான் வசதி. ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம்னு பஸ்லயே புதுச்சேரி போயிடலாம். டிசம்பர் கடைசியிலருந்து பிப்ரவரி வரைக்கும் காத்து வடகிழக்கு, அதனால மாமல்லபுரத்துலருந்து தெற்கே. அக்டோபர், நவம்பர் புயல் காலம், வேண்டவே வேண்டாம்.

தூரம் ஏறக்குறைய 95 கி.மீ. புதுச்சேரியில காலையில அஞ்சு, அஞ்சேகாலுக்கு கிளம்பினா காலாப்பட்டு தாண்டி மரக்காணம் ஏழு மணி வாக்குல. அங்க உப்பளம் ரெண்டு பக்கமும் வரும், நிழல் கிடையாது, சீக்கிரம் தாண்டிடணும். அப்புறம் கடப்பாக்கம், முதலியார்குப்பம், கூவத்தூர். கல்பாக்கத்துக்கு முன்னாடி பாலாத்துப் பாலம். வாணியம்பாடி வழியா வர்ற அதே பாலாறுதான், அங்க கடல்ல சேருது. பாலத்துல ஒதுங்க இடம் இல்ல, காத்தும் திறந்து அடிக்கும். பின்னால லாரி வரிசையா வந்தா பாலத்துக்கு முன்னாடியே நின்னு விட்டுட்டு ஏறுங்க. பதினோரு மணிக்குள்ள மாமல்லபுரம். சனி, ஞாயிறு போகாதீங்க. சென்னை கார் எல்லாம் அந்த ரோட்டுலதான் இருக்கும். நாலு வழியாக்குற வேலை நடக்குற இடங்கள்ல பழைய தாருக்கும் புதுத் தாருக்கும் நடுவுல நீளமா ஒரு படி இருக்கும். அதைச் சாய்வா ஏற முயற்சி பண்ணா முன்சக்கரம் வழுக்கிடும். வேகம் குறைச்சு, கொஞ்சம் நேரா திருப்பி ஏத்துங்க.

இப்போ பஸ் விஷயம். இதைக் கவனமா கேளுங்க. வடக்கே போறப்ப கடல் உங்களுக்கு வலது கை பக்கம். காத்து வலதுலருந்து வருது, உங்களுக்கே தெரியாம வலது பக்கம் லேசா சாஞ்சுதான் ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. பஸ் முந்துறப்ப முதல்ல அதோட மூஞ்சிக் காத்து உங்களை இடதுல தள்ளும். அடுத்த நொடி பஸ் கடல்காத்தை மறைச்சிடும். சாஞ்சிருந்த உடம்பு பஸ் பக்கமாவே விழப் பாக்கும். பஸ் போனதும் காத்து திரும்ப அடிச்சு மண்ணுக்குத் தள்ளும். மூணும் ரெண்டு நொடிக்குள்ள. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு தள்ளும் நேரா முன்சக்கரத்துக்குப் போகும். முழங்கையை மடக்கி, தோளைத் தளர்த்தி, கீழ்ப்பிடி (வளைஞ்ச ஹேண்டிலோட கீழ்ப்பக்கம்) இருந்தா அதுல கை வையுங்க. அந்த நேரம் சீட்டை விட்டு எழும்பக் கூடாது. தார் விளிம்பை ஒட்டியும் ஓட்டக் கூடாது, ரெண்டு அடி உள்ள ஓட்டுங்க. அந்த ரெண்டு அடிதான் ஒதுங்குறதுக்கு இடம். சவுக்குத் தோப்பு ஓரம் தார் மேல மணல் ஏறியிருக்கும். அதுல மாட்டினா முன் பிரேக்கைத் தொடாதீங்க, திருப்பாதீங்க, நேரா உருட்டி வெளிய வாங்க. ஹேண்டில் வலது முனையில ஒரு கண்ணாடி கட்டாயம். பின் சிவப்பு விளக்கு பகல்லயும் எரியட்டும்.

பஞ்சர். நம்ம பக்கம் முள்ளு, அங்க கம்பி. வெடிச்ச லாரி டயர்லருந்து தலைமுடி அளவு எஃகுக் கம்பி ரோட்டு ஓரம் கிடக்கும். டயர்ல ஏறினா வெளிய தெரியாது. டியூப் மாத்தி காத்து அடிச்சு அஞ்சு கிலோமீட்டர்ல மறுபடி இறங்கும். ஏன்னா கம்பி அங்கயேதான் இருக்கு. அதனால டயர் மாட்டும்போதே டயர் மேல இருக்குற கம்பெனி பேரை வால்வுக்கு நேரா வெச்சுக்கோங்க. பஞ்சர் ஆனா டியூப்ல ஓட்டை வால்வுலருந்து எத்தனை சாண்னு அளந்து, டயர்லயும் அதே தூரத்துல தேடுங்க. வெறும் விரலை விடாதீங்க, கிழிச்சிடும். பஞ்சைச் சுருட்டி உள்பக்கம் இழுத்தா கம்பியில நூல் மாட்டும். சாமணத்தால உள்பக்கமா இழுத்து எடுங்க. ரெண்டு டியூப், ஒட்டு, சாமணம், கைப்பம்பு. உங்க சைக்கிள் மெல்லிசு பிரெஸ்டா வால்வுன்னா பித்தளை அடாப்டர் ஒண்ணு கூட வேணும். ரோட்டோரப் பஞ்சர் கடையில பைக் வால்வுக்குத்தான் காத்து அடிப்பாங்க. 32 மி.மீ. அகல டயர், 70 கிலோ ஆள்னா முன்னால 55, பின்னால 65 பி.எஸ்.ஐ. மூட்டை கட்டினா பின்னால இன்னும் அஞ்சு.

தண்ணி. நம்ம ஊர் வெயில்ல வேர்வை காஞ்சு சட்டையில வெள்ளையா உப்புப் படியும். அங்க ஈரக்காத்துல வேர்வை காயாம சொட்டும், உடம்புச் சூடும் இறங்காது. மணிக்கு முக்கால் லிட்டர் கணக்கு வையுங்க. வெறும் தண்ணியே குடிச்சா தலைவலி, குமட்டல் வரும். ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு மட்டமா ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மீன் வறுவல் எல்லாம் மாமல்லபுரம் போய் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, இறக்கமே இல்லாததால கால் நிக்காது, உக்காந்த இடமும் மரத்துப் போகும். பின்னால வண்டி இல்லாதப்போ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து இருபது மிதி மிதிங்க.

வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கே சைக்கிளை நல்ல தண்ணியில, பக்கெட்டும் துணியும் வெச்சுக் கழுவுங்க. உப்பு ஸ்போக் முனையிலயும் கேபிள்லயும் உக்காந்தா துரு பிடிக்கும். பைக் வாட்டர் சர்வீஸ்ல விடாதீங்க, அந்த அழுத்தத்துல தண்ணி சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்புக்குள்ள போய் கிரீஸை வெளிய தள்ளிடும். செயின் காஞ்சதும் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், கால் மணி நேரம் விட்டு வெளிப்பக்கத்தைச் சுத்தமா துடைச்சிடுங்க. தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ரெண்டும் வேண்டாம், மிச்சம் இருக்குற மணல் முழுக்க அதுலதான் வந்து ஒட்டும்.