நாலு மணி வேன், நாலரை மணி வர்க்கி

(காட்சி: குன்னூர் அருகே ஒரு வளைவு. மூடுபனிக்குள் பள்ளி வேன் வந்து நிற்கிறது.)

வணக்கம். "மலைப் பிள்ளைக்கு எதுக்குங்க உடற்பயிற்சி? ஏறி இறங்கினாலே போதாதா?" நீலகிரியில் இன்னும் நிறைய வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. பள்ளிக்கு நடந்துபோன காலத்தில் அது சரி. இப்போது வேன் வாசலுக்கே வருகிறது. நாலு மணிக்கு இறங்கி, நாலரைக்கு டீயும், நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியுமாக உட்கார்ந்தால், பிறகு தூங்கும்வரை போன்தான். அந்த மாலை நேரத்தை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நாலு கால்மணி நேரமாகப் பிரிக்கலாம். ஆனால் மூச்சு வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு.

(காட்சி: தேயிலைத் தோட்டத்துக் கல்படி. மாணவர்கள் ஏறுகிறார்கள்.)

ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஏற்றத்தில் நடந்தால் முதல் 15 நிமிடம் முடிந்தது. சமதள நடையைவிட ஏற்றம் இதயத்துக்கும் தொடைக்கும் கூடுதல் வேலை தரும். இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கி இறங்கட்டும். காலை விறைப்பாக ஊன்றினால் முட்டி வலிக்கும், ஈரப் படியில் வழுக்கும். அந்தியில் காட்டெருமையும் கரடியும் நடமாடும். அதனால் கூட்டமாக நடக்கட்டும், ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்துவிடட்டும்.

குளிரில் இறங்கியவுடன் ஓடவிடாதீர்கள். குளிர்ந்த வறண்ட காற்று வேகமாக உள்ளே போனால் சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். முதல் 10 நிமிடம் மெதுநடை, கை கால் சுழற்றல், பிறகு ஓட்டம். உடம்பு சூடானதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நின்றதும் மறுபடி போட வேண்டும். வியர்வையில் நனைந்த ஸ்வெட்டர் குளிரை இழுக்கும். ஓடி முடித்த பிறகும் இருமலோ வீசிங்கோ நிற்கவில்லை என்றால் "இவனுக்கு ஸ்டாமினா இல்லை" என்று திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜூன், ஜூலை மழையில் ஸ்கிப்பிங் கைகொடுக்கும். கயிற்றின் நடுவில் நின்று இழுத்தால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். அதுதான் சரியான நீளம். 30 விநாடி குதி, 30 விநாடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) கூரை தாழ்வாக இருந்தால் கயிறில்லாமல் குதிக்கலாம். வழவழப்பான சிமெண்ட் தரையில் சாக்ஸோடு குதிக்கக் கூடாது, கேன்வாஸ் ஷூ வேண்டும். எலும்பு உறுதிக்கு இப்படிக் குதிப்பது வாரத்தில் மூன்று நாளாவது அவசியம்.

பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "பெரிய பொண்ணு" என்று மைதானத்திலிருந்து இழுத்துவிடுகிறோம். எலும்பு வேகமாக அடர்த்தியாகும் வயதே அதுதான். தயவுசெய்து அவளையும் விளையாட அனுப்புங்கள்.

(காட்சி: சமையலறை. தட்டில் வர்க்கி, பக்கத்தில் டம்ளரில் டீ.)

வர்க்கி நம் ஊர்ப் பெருமைதான், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது மைதாவும் கொழுப்பும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று இருக்கட்டும், தினசரிப் பசிக்கு வேண்டாம். டீயிலும் ஒரு சிக்கல்: அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், கூடவே சாப்பிடும் பயறு, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி கொடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் தினம் 400 கிராம் காய், பழம் தேவை. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. மலையில் இதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். மதியம் ஒரு கப் பீன்ஸ் பொரியல், மாலையில் ஒரு பேரிக்காய், ஒரு கேரட், இரவில் ஒரு கரண்டி கீரை என்றால் ஏறக்குறைய வந்துவிடும். கேரட்டோடு நாலு வேர்க்கடலை கொடுங்கள். கொழுப்பு சேர்ந்தால்தான் அதன் வைட்டமின் ஏ சத்து நன்றாக ஏறும்.

நாலரை மணிக்குச் சுண்டல்தான் சரி. ஒரு பிள்ளைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை, அதாவது ஒரு கைப்பிடி. "எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாட்டம் இருக்கு" என்று பல அம்மாக்கள் விட்டுவிடுகிறார்கள். தப்பு கடலையில் இல்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் திறந்த பாத்திரத்தில் கடலை லேசில் வேகாது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவும் நேரமாகும். இரவு எட்டு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு மூடிவையுங்கள். காலையில் குக்கரில், கீழ்நாட்டில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். ஒரு கடலையை விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளைப் புள்ளி இல்லாமல் நசுங்க வேண்டும். மாலையில் தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அந்தப் புளிப்பு கடலையின் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும்.