ஒரு கவுன்டி தன் பள்ளிகளைப் பூட்டிய கதை

அவையோருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்துச் சொன்ன தீர்ப்பு அது. அவற்றில் ஒன்று மாணவர்களின் வேலைநிறுத்தத்தில் பிறந்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தில் புகையிலை விளையும் நாட்டுப்புறம் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி. கவுன்டி என்றால் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி. அங்கே ஃபார்ம்வில் என்ற ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மோட்டன் உயர்நிலைப்பள்ளியை 1939இல் கட்டினார்கள். 180 பேருக்கான கட்டடம். 1951இல் அதில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடம் போதவில்லை என்று பெற்றோர் நடையாய் நடந்தும் புதுக் கட்டடம் வரவில்லை. பலகை அடித்து, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகள்தான் வந்தன. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் விறகடுப்பை ஒட்டி உட்கார்ந்தவனுக்கு வியர்த்துக் கொட்டும். சுவரோரம் இருந்தவள் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் எழுதுவாள். உடற்பயிற்சிக் கூடமோ உணவுக் கூடமோ கிடையாது. வெள்ளையர் பள்ளியில் இரண்டும் இருந்தன. ஒரே நிர்வாகம் இப்படிப் பங்கு பிரித்ததைப் பற்றாக்குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பட்டமான அநீதி அது.

1951 ஏப்ரல் 23. "உங்கள் மாணவர்கள் பஸ் நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள்" என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, தலைமையாசிரியர் பதறிக்கொண்டு ஓடினார். அது மாணவர்களின் ஏற்பாடு. அரங்கில் எல்லோரும் கூடியதும் திரை விலகியது. மேடையில் நின்றவர் பார்பரா ஜான்ஸ், 16 வயது மாணவி. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தோழர்களிடம் பேசினார். பள்ளியே எழுந்து வெளியேறியது.

அவர்கள் முதலில் கேட்டது நல்ல பள்ளிக்கூடம், அவ்வளவுதான். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்காடுகிறோம் என்றார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள். வெள்ளையரின் கடனையும் கூலியையும் நம்பிப் பிழைப்பு நடந்த ஊரில் அந்தச் சம்மதம் சாதாரணமானதல்ல. 117 மாணவர்களின் பெயரில் வழக்கு பதிவானது.

வென்றார்கள். ஆனால் கவுன்டி அடங்கவில்லை. பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, 1959இல் பள்ளிகளுக்கு நிதி ஒதுக்க மறுத்து, அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டியது! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. அதற்கு அரசின் கட்டண உதவியும் வரிச் சலுகையும் கிடைத்தன. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர் தெருவில் நின்றார்கள். சிலரை வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலர் தேவாலயங்களில் கூடி, கிடைத்ததைப் படித்தார்கள். வயலுக்குப் போனவர்கள் போனவர்களே. நீதிமன்ற ஆணைப்படி அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது ஆண்டு 1964.

அப்படிப் படிப்பை இழந்தவர்களுக்கென்று வர்ஜீனியா மாநிலம் கல்வி உதவித்தொகை ஏற்படுத்தியது 2004இல். 1959இல் முதல் வகுப்பில் சேரவேண்டிய ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது 51. அந்தத் தொகையைப் பெற்று மறுபடியும் வகுப்பில் போய் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.